வெங்கச்சாங்கல் மேட்டில் ஒரு பானைச் சில்லு

இடைக்கற்காலம் என்றால் என்ன என்று உங்களில் யாரையாவது எழுப்பிக் கேட்டால், "நுண்கற்கருவிகள் செய்த காலம், மேடம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவீர்கள். அந்தப் பதிலைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். ஓய்வு பெற்று இத்தனை வருடம் ஆன பிறகும் இந்தக் கோபம் மட்டும் ஓய்வு பெறவில்லை. தொல்லியல் துறைக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் நீங்கள், பயந்துவிடாதீர்கள். திட்டுவதற்காக வரவில்லை. கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன்.

அந்தப் பதிலில் என்ன குறை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் அறிஞர்கள் பழைய கற்காலம் என்றார்கள், புதிய கற்காலம் என்றார்கள். நடுவில் ஒன்றுமில்லை, வெற்றிடம் என்று பலர் நம்பினார்கள். அந்த நடுக்காலத்து மனிதர்கள் எல்லாம் எங்கே போனார்கள் என்று யாரும் கவலைப்படவில்லை. பிறகு விரல் நகம் அளவுக்குச் சின்னச் சின்னக் கல் கருவிகள் கிடைக்கக் கிடைக்க, நடுவிலும் ஒரு காலம் உண்டு என்று முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள். அதோடு விட்டதா? அதே சின்னக் கற்கள் இரும்புக்காலத்துப் பானை ஓடுகளோடும் சேர்ந்து கிடைத்தன. அப்படியானால் கல்லின் அளவை வைத்து மட்டும் காலத்தைச் சொல்ல முடியாது. என்ன சாப்பிட்டார்கள், எப்படிப் பிழைத்தார்கள், பானை இருந்ததா, பயிர் இருந்ததா, எந்த மண்ணில் எதோடு சேர்ந்து கிடந்தது, எல்லாம் பார்த்தாக வேண்டும். அந்த "எதோடு சேர்ந்து" என்பதற்காக நான் கல்வராயன் மலை அடிவாரத்தில் பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருடங்கள் அவை. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, மலை இறங்கி முடியும் இடத்தில், ஒரு கரட்டு மேட்டில் எங்கள் அகழாய்வு. மேடு முழுக்க வெள்ளை வெங்கச்சாங்கல், நீங்கள் குவார்ட்ஸ் என்பீர்களே, அது சிதறிக் கிடக்கும். ஊர்க்காரர்களுக்கு அது காலில் குத்தும் கல். எங்களுக்கோ அதில் பாதி, யாரோ உட்கார்ந்து தட்டி எடுத்த கூர்முனைகளும் பிறை வடிவச் சில்லுகளும். எங்கள் குழுவின் தலைவர் பெரிய அனுபவசாலி. கறாரான மனிதர். அடுத்து நான். படம் வரைபவர் குமரேசன். குழி தோண்டவும் மண் சலிக்கவும் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். நானும் நைனார்பாளையம் பக்கத்தில் குத்தகை நிலம் உழுத வீட்டுப் பெண்தான். மண்வெட்டி பிடிக்க எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

அந்த மேட்டுக்கு ஒரு எமன் இருந்தார். சாலைப் பொறியாளர். நல்ல மனிதர்தான். மேட்டை ஒட்டிப் போகும் சாலை குண்டும் குழியுமாகக் கிடந்தது. அதைப் போட அவருக்குக் கிராவல் மண் வேண்டும். பக்கத்தில் இருந்த நல்ல கிராவல் எங்கள் மேடுதான். சுண்ணாம்பால் கோடு கிழித்து வைத்துவிட்டு எங்களிடம் வந்தார்.

"பாருங்கம்மா, பானை ஓடு கெடக்கிற மேட்டையெல்லாம் விடணும்னா இந்த ஜில்லாவுல ரோடே போட முடியாது. அது எல்லா ஊர்லயும் கெடக்குது. நீங்க சொல்றீங்களே, பானை வர்றதுக்கு முன்னாடி காலம்னு, அது நெஜம்னா சொல்லுங்க. நான் வேற மேட்டப் பாத்துக்கறேன். இல்லைன்னா வண்டி வந்துடும்."

நியாயமான பேச்சு. எங்கள் துறையின் பாதுகாப்பு ஆணை வருவதற்குள் மேடு சாலையாகிவிடும் என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அந்த மேட்டைக் காப்பாற்ற எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பதில்தான்.

தலைவர் ஜீப்பை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனார். போகும்போது, "நான் வரும் வரைக்கும் இதே குழியை இறக்கு. புதுக் குழி எதுவும் திறக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன கையோடு ஒதுக்கீடு கேட்டு மறியல் ஆரம்பித்துவிட்டது. சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். பாலத்தை ஒட்டிச் சாலையையே வெட்டிவிட்டார்கள். பஸ் இல்லை, ஜீப் இல்லை, தந்தி இல்லை. சின்னசேலம் ஸ்டேஷனுக்குப் போவது என்றாலும் வயல் வரப்பில் நடந்துதான் போக வேண்டும்.

குமரேசனுக்கு முகம் வெளுத்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஏன் என்று கேளுங்கள். ஜீப் வராத சாலையில் கிராவல் லாரியும் வராதே! மரம் கிடக்கும் வரைக்கும் மேடு பத்திரம். அதற்குள் பதில் தெரிந்தாக வேண்டும்.

மறியலில் நின்றவர்களில் ஏழுமலை என்று ஒருவன். எங்கள் குழியிலும் வேலை செய்தவன்தான். நான் அரிசி வாங்க மரத்தைத் தாண்டிப் போனபோது வழியில் நின்றான். கையில் கொடி, தோளில் துண்டு.

"இன்னா டீச்சர், எங்க போய்க்கினு இருக்கீங்க?" குழி தோண்டும் உத்தியோகம் என்னவென்று ஊருக்குப் புரியாததால் நான் டீச்சர் ஆகிவிட்டிருந்தேன்.

"அரிசி வாங்கப் போறேன். அதுக்கும் மறியலா?"

"அய்யய்ய, உங்கள யாரு மறிக்கப் போறா. டேய், டீச்சருக்கு வழி வுடுங்கடா." மரத்தில் ஏறி இறங்க எனக்குக் கை கொடுத்தான். பிறகு சிரித்துக்கொண்டே கேட்டான். "ஆமா, நேத்து சொன்னீங்களே, பழைய கல்லுக்கும் புதுக் கல்லுக்கும் நடுவுல ஒரு கல்லு, அத்த யாருமே கணக்குல சேக்கலன்னு. அதுக்கும் தனி ஒதுக்கீடு கேட்டுக்கினு இருக்கீங்களா?"

கூட நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "ஆமாம்பா, அதேதான். எங்களுக்கும் தனி எடம்தான் வேணும்" என்றேன்.

"குடுக்க மாட்டாங்க டீச்சர். சும்மா கேட்டா யாரு குடுக்கறாங்க." இதைச் சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை.

அன்றைக்கு மதியமே இடி விழுந்தது. நான்காம் மட்டத்து மண்ணைச் சலித்துக்கொண்டிருந்த பெண் சல்லடையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். வெங்கச்சாங்கல் கருவிகளுக்கு நடுவே ஒரு பானைச் சில்லு. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. இரும்புக்காலத்துச் சரக்கு, சந்தேகமே இல்லை. கட்டை விரல் அளவுகூட இருக்காது. ஆனால் அது உண்மையிலேயே அந்தக் கருவிகளோடு கிடந்தது என்றால், எங்கள் மேடு பொறியாளர் சொன்ன மாதிரி எல்லா ஊரிலும் கிடக்கிற மேடுகளில் ஒன்று. சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் எல்லாம் கிராவல்.

குமரேசன் சில்லைக் கையில் வாங்கிப் பார்த்தார். சுற்றிலும் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, மேலேருந்து எங்கேயோ உருண்டு விழுந்திருக்கும். வீசிடலாமா? ஒண்ணே ஒண்ணுதானே. இத்தனை கருவி கெடச்சிருக்கு, ஒரு சில்லு வந்து எல்லாத்தயும் கெடுக்கணுமா?" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. மேட்டின் மேல் இருந்த ஆசையில் சொன்னார். ஆனாலும் எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது.

"குமரேசன், நம்ம வேலையே எது எதோட கெடந்துதுன்னு சொல்றதுதான். நமக்குப் பிடிக்காதத வீசிட்டு மிச்சத்த வச்சுச் சொல்றதுக்கு நாம எதுக்கு? ஜோசியக்காரன் போதுமே! மொதல்ல அதுக்கு எண் போடுங்க."

எண் போட்டார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போட்டார்.

வீராப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, எனக்கு அந்த மேட்டை விட மனசில்லை. சில்லு பொய் சொல்லாது. ஆனால் அது எங்கே கிடந்தது என்று நாங்கள் சொல்வது உண்மைதானா? அதை யோசித்தபோதுதான் பொறி தட்டியது. எங்கள் தலைவரின் முறை என்ன? கயிறு கட்டி, மட்டம் பார்த்து, விரற்கடை தவறாமல் சமமாக ஒவ்வொரு மட்டமாக இறக்குவது. அப்படி இறக்கிய ஒரு மட்டத்து மண் முழுவதையும் ஒரே குவியலாகக் கொட்டிச் சலிப்பது. கண்ணுக்கு அழகான முறை. குழியின் அடி கேரம் பலகை மாதிரி இருக்கும். ஆனால் இது மலை அடிவாரம். மேலே உழுது உழுது தரை சமமாகத் தெரிகிறது. கீழே இருக்கும் பழைய மண்ணுமா சமமாக இருக்கும்? அது மலையிலிருந்து சரிந்து வந்த மண் அல்லவா? சரிந்து கிடக்கும் மண்ணைச் சமமாக வெட்டினால், ஒரே மட்டத்தில் ஒரு பக்கம் கீழ் மண்ணும் மறுபக்கம் மேல் மண்ணும் வந்துவிடும். இரண்டையும் ஒன்றாகச் சலித்துவிட்டு, சேர்ந்து கிடந்தது என்று எழுதுவோம். இந்தத் தப்பை ஒரு குடியானவன் செய்ய மாட்டான். கயிறும் மட்டப்பலகையும் வைத்திருக்கும் எங்களை மாதிரி ஆட்கள்தான் செய்வோம்.

ஆனால் இது வெறும் யோசனை. மேடு பிழைக்க வேண்டும் என்று தவிக்கிற மனசுக்கு இப்படி ஆயிரம் யோசனை வரும். கண்ணால் பார்க்க வேண்டும். குழியின் சுவரைப் பார்த்தால் காய்ந்த செம்மண், வெயிலில் எல்லாம் ஒரே நிறம். மண்ணை ஈரமாக்கினால் நிறம் பிரியும். குடத்துத் தண்ணீரை ஊற்றினால் சுவர் கரையும். என்ன செய்வது?

மறியல் நடந்த இடத்துக்கே போனேன். "ஏழுமலை, உங்க வூட்ல பயிருக்கு மருந்தடிக்கிற மிஷின் இருக்குதா?"

"இருக்குது. இன்னாத்துக்கு டீச்சர்? கல்லுல பூச்சி வுழுந்துடுச்சா?"

"ஆமா, பூச்சிதான். கொண்டா."

தோளில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டான். மருந்து வாடை போகக் கழுவிக் கழுவி ஊற்றச் சொன்னேன். காலத்தைக் கணிக்கக் கரித்துண்டு எடுக்க வேண்டிய பக்கம் அண்டவே விடவில்லை. வடக்குச் சுவரில் மட்டும் பனி மாதிரி தண்ணீர் அடித்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, போட்டோ கழுவும்போது உருவம் எழுந்து வருமே, அந்த மாதிரி சுவரில் கோடு எழுந்தது. மேலே கறுத்த மண். கீழே சிவந்த மண், அதில் வெள்ளைச் சுக்காங்கல் பொட்டுகள். இரண்டுக்கும் நடுவே கோடு மேற்கிலிருந்து கிழக்கே சாய்ந்து இறங்கியது. எங்கள் நான்காம் மட்டம் அந்தக் கோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போயிருந்தது.

"டீச்சரு அழுவுறாங்கடா" என்று ஏழுமலை யாரிடமோ சொன்னான். அழவில்லை. கண்ணில் தண்ணீர் தெறித்துவிட்டது என்று அவனிடம் சொன்னேன். உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன், அழுதேன்.

ஆனாலும் பாதிதான் ஆகியிருந்தது. சில்லு மேல் மண்ணிலிருந்து வந்திருக்கலாம் என்பது வரைக்கும்தான் சொல்ல முடியும். கீழ் மண்ணில் பானைச் சில்லே இல்லை என்று சொல்ல, புதிதாக ஒரு குழி திறந்து, சரிவு போகிற போக்கிலேயே மேல் மண்ணை உரித்து எடுத்துவிட்டுக் கீழ் மண்ணைத் தனியாகச் சலிக்க வேண்டும். புதுக் குழி கூடாது என்பது தலைவர் உத்தரவு. கீழ் மண்ணிலும் சில்லு வந்துவிட்டால் மேட்டுக்கு நானே கொள்ளி வைத்த மாதிரி. குமரேசன் அதைத்தான் சொன்னார்.

"இப்பவாச்சும் மேல் மண்ணுலேருந்து வந்திருக்கலாம்னு வாதாட எடம் இருக்கு. தோண்டி, கீழயும் வந்துட்டா?"

"வந்துட்டா, பொறியாளர்ட்ட நானே போய் வண்டிய அனுப்புங்கன்னு சொல்லுவேன்."

சொல்லிவிட்டேன். அதற்குள் ஏழுமலை இன்னொரு சேதி கொண்டுவந்தான். பேச்சுவார்த்தை நடக்கிறதாம், ரேடியோவில் சொன்னார்களாம், மரத்தையெல்லாம் எடுத்துவிடுவார்களாம். "அப்பால உங்க ரோட்டு ஐயா வந்துடுவாரு டீச்சர்." அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? புதுக் குழி திறந்தோம்.

கறுத்த மண்ணைத் தோசையை ஓரத்திலிருந்து கிளப்புகிற மாதிரி கிளப்பினோம். அதில் பானைச் சில்லுகள் வந்தன, நிறையவே. தனிக் குவியல். சிவந்த மண் தொட்டதும் சல்லடையை மாற்றினோம், கூடையை மாற்றினோம். ஒவ்வொரு கூடை சலிக்கும்போதும் நான் சல்லடையைப் பார்க்காமல் சலிக்கிற பெண்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கருவி வந்தது. கருவி தட்டிய கழிவுச் சில்லுகள் வந்தன. கருகிய எலும்புத் துணுக்கு வந்தது. அடியில், தீயில் வெந்து இறுகிய மண் வட்டமாகக் கிடந்தது. அதில் கரி. யாரோ அடுப்பு மூட்டியிருந்தார்கள். அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்து கல் தட்டியிருந்தார்கள். பானைச் சில்லு ஒன்றுகூட வரவில்லை.

கூலிக்கு வந்தவர்கள் கலைந்த பிறகு குமரேசன் ஒரு வேலை செய்தார். அதற்காக இன்றைக்கும் அவரைக் கையெடுத்துக் கும்பிடுவேன். அடுப்பின் பக்கத்தில் கிடைத்தவற்றில் மங்கிய சிவப்பில் சில கற்கள் இருந்தன. அந்த மேட்டிலேயே அந்த நிறத்தில் வேறு கல் இல்லை. அவற்றை முன்னே பரப்பிக்கொண்டு ஒன்றோடு ஒன்று பொருத்திப் பார்த்தார். ஒரு சில்லு அது உடைந்து வந்த கல்லின் மேல் க்ளக் என்று உட்கார்ந்தது. இன்னொன்றும் உட்கார்ந்தது. தட்டியவன் கையிலிருந்து விழுந்த சில்லு, விழுந்த இடத்திலேயே கிடந்திருக்கிறது. வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து போட்டதில்லை, எலி கலைத்ததில்லை.

"அக்கா" என்றார். யாரும் சொல்லாமலே அவற்றுக்கு எண் போட ஆரம்பித்தார்.

மரங்கள் அகன்றதும் முதலில் வந்த வண்டியில் எங்கள் தலைவரும் சாலைப் பொறியாளரும் சேர்ந்தே வந்து இறங்கினார்கள். தலைவர் புதுக் குழியைப் பார்த்தார், முகம் சிவந்தது. பொறியாளர் சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தார். "சொல்லுங்கம்மா, பானைக்கு முன்னாடியா, பின்னாடியா?"

நான் முதலில் எடுத்துக் கொடுத்தது அந்தப் பானைச் சில்லை.

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது பானை ஓடுதானே? நீங்களே கொண்டாந்து என் கையில குடுக்கறீங்க?"

"நாளைக்கு வேற யாராவது கொண்டாந்து உங்க கையில குடுக்கறதுக்கு முன்னாடி நானே குடுக்கறேன். இப்ப சுவரப் பாருங்க." ஏழுமலை தண்ணீர் அடித்தான். கோடு எழுந்தது. எதையும் மறைக்காமல் சொன்னேன். பழைய குழியில் எப்படி இரண்டு மண்ணும் கலந்தது, புதுக் குழியில் எப்படிப் பிரித்தோம், எதில் என்ன வந்தது. தலைவர் பக்கத்தில் நிற்கிறார். அவர் முறை தப்பு என்று அவர் எதிரிலேயே, வெளியாள் ஒருவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பொறியாளர் குழிக்குள் இறங்கினார். சுவரைத் தடவினார். மண் அவருக்கும் தொழில் அல்லவா? "சரிவுல லெவல் புடிச்சு வெட்டுனா ரெண்டு மண்ணும் கலக்கத்தான் கலக்கும். ரோட்டு வேலையில இது மொத பாடமாச்சே சார்" என்று தலைவரைப் பார்த்துச் சொன்னார். பிறகு என்னிடம், "எத்தன ஆயிரம் வருஷம்?" என்றார்.

"தெரியாதுங்க. கரித்துண்டு சோதனைக்குப் போகணும். இப்ப சொல்ல முடிஞ்சது இவ்ளோதான். வேட்டையாடி, கெழங்கு தோண்டித் தின்ன ஜனங்க இங்க அடுப்பு மூட்டியிருக்காங்க. அவங்க கிட்ட பானை இல்ல. கூட ஒரு வார்த்தை சொன்னா அது பொய்."

"கெராவலுக்கு நான் எங்கம்மா போறது?"

அதையும் பார்த்து வைத்திருந்தேன். ஏரிக்கு அந்தப் பக்கம் ஏற்கெனவே வெட்டிப் பாழான பள்ளம் ஒன்று, நானே இறங்கித் தேடிப் பார்த்தேன், ஒரு கருவியும் கிடையாது. கொஞ்சம் தூரம் ஜாஸ்தி. வேண்டாம் என்று சொல்கிறவர்கள் வேறு வழியும் கையில் வைத்திருக்க வேண்டும், பிள்ளைகளே. அந்த ஊருக்குச் சாலை வேண்டாமா? ஏழுமலை வீட்டுக்குப் போகிற சாலைதானே அது.

பொறியாளர் மேலே ஏறி வந்தார். செருப்புக் காலால் சுண்ணாம்புக் கோட்டைத் தேய்த்து அழித்துக்கொண்டே கடைசி வரைக்கும் நடந்து போனார்.

தலைவர் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். "அறிக்கையில என் குழி தப்புன்னு எழுதுவியா?"

"எழுதணும் சார். இல்லன்னா அந்தச் சில்லு ஏன் வந்துதுன்னு யாருக்கும் புரியாது."

"என் பேரைப் போட்டு எழுது. யாரோ தோண்டினதுன்னு மழுப்பாதே" என்றார். பெரிய மனிதர் என்று நான் சொல்வது இதற்காகத்தான். அந்த அறிக்கை அச்சில் வந்தபோது அந்தப் பத்தி அப்படியே இருந்தது. மாநாடுகளில் எங்கள் மேட்டை எத்தனையோ பேர் தட்டிப் பார்த்தார்கள். "ஓடு கிடைத்ததாமே?" என்று ஒவ்வொருவரும் பெரிய ரகசியத்தைக் கண்டுபிடித்த மாதிரி எழுந்து கேட்பார்கள். "கிடைத்தது, படத்தில் இருக்கிறது, எண்ணும் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுச் சுவரின் படத்தைக் காட்டுவேன். உட்கார்ந்துவிடுவார்கள். நாங்கள் அதை வீசியிருந்தால் அந்த மேடு அந்த மேடைகளில் ஒன்றில் செத்திருக்கும்.

நாங்கள் முகாமைக் காலி செய்த அன்று ஏழுமலை மருந்து மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு வழியனுப்ப வந்தான். அவர்கள் கேட்ட ஒதுக்கீடு அப்போது அவர்களுக்குக் கிடைத்திருக்கவில்லை. முகத்தில் அந்த அசதி தெரிந்தது. ஆனாலும் கிண்டல் போகவில்லை.

"இன்னா டீச்சர், உங்க நடுக் கல்லுக்குத் தனி எடம் குடுத்துட்டாங்களாமே?"

"குடுத்துட்டாங்க ஏழுமலை."

"யாரு குடுத்தது? ரோட்டு ஐயாவா, உங்க பெரிய சாரா?"

"ரெண்டு பேரும் இல்ல. நாம தோண்டி எடுத்தோம்."

அவன் மிஷினைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, "ஆமா டீச்சர், நாமதான் எடுத்தோம்" என்றான்.